எடல்ஜி வந்திருக்கார்

"கதவைத் திற ஜர்பாய், எடல்ஜி வந்திருக்கான்" என்று ஆலாமாய் வாசலில் நின்று சொன்னதும், ஜர்பாய் கையிலிருந்த தட்டை நழுவவிட்டாள். அவள் புருஷன் எடல்ஜி போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது.

வந்தவன் ஆலாமாயின் மகன் நோஷிர். பரேல் மில்லில் கொதிகலன் பார்க்கிறவன். ஜர்பாயின் மகள் தெஹ்மியை அவனுக்குத்தான் பேசி முடித்திருந்தார்கள்.

"இவன் நோஷிர்தானே?"

"நேத்து வரைக்கும். இவன் பெரியப்பா சர் எடல்ஜி பூனாவுல தவறிட்டார். அகியாரிக் கோயில்ல செத்தவங்களுக்கு ஓதுறப்போ தஸ்தூர் அந்தப் பேரைச் சொன்னத என் காதால கேட்டேன். பட்டம் இனி இவனுக்கு."

சீனாவுக்குப் பஞ்சு ஏற்றிப் பணம் குவித்த முதல் எடல்ஜிக்கு மகாராணி கொடுத்த பரம்பரைப் பட்டம் அது. பட்டத்துக்கு வருகிறவன் சொந்தப் பேரைத் தூக்கிப் போட்டுவிட்டு எடல்ஜி ஆகிவிட வேண்டும் என்று அந்த மனிதர் சட்டமே போட வைத்திருந்தார். மகன் எடல்ஜி ஆனான். பேரனும் ஆனான். கப்பல் போயிற்று, பங்களா போயிற்று, பேர் மட்டும் போகவில்லை. பேரன்தான் பூனாக்காரர். பிள்ளையில்லாதவர்; தம்பியோடு, அதாவது நோஷிரின் காலமான அப்பாவோடு, சண்டை போட்டுக்கொண்டு போனவர். நோஷிர் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"நல்லா இருக்கே" என்றாள் ஜர்பாய். "செத்த புருஷன் பேரச் சொல்லி மருமகனச் சாப்பிடக் கூப்பிடணுமா நான்?"

"சர்னு மட்டும் கூப்பிடுங்க அத்தை" என்றான் நோஷிர்.

"நகத்துல கரிய வச்சுக்கிட்டு சர்ராம். முதல்ல மேசை வேலை ஒண்ணு வாங்கிட்டு வா."

மில்லில் அதற்குள் செய்தி பரவியிருந்தது. "சர், கொஞ்சம் நகருங்க சர், சாம்பல் அள்ளணும்" என்று கூட்டாளிகள் வழிவிட்டார்கள்.

அவன் மேசை வேலை கேட்டதை வெள்ளைக்கார மானேஜர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். "எனக்கே பட்டம் கிடையாதுப்பா. ஒரு சர் எனக்குக் கீழ உட்கார்ந்தா, நான் யாரைத் திட்டுறது? கொதிகலன்லயும் இனி உங்கள விட முடியாது. மில்லுக்குத்தான் கேவலம்."

கைகுலுக்கி வெளியே அனுப்பினார்.

"வேலையில்லாத சர்ருக்குப் பொண்ணு கிடையாது" என்று ஜர்பாய் கதவைச் சாத்தினாள்.

தெஹ்மி பின்வாசல் வழியாக மாடிப்படிக்கு ஓடிவந்தாள். "இங்க பாரு. எங்கப்பா பேர வச்சுக்கிட்டு என் பக்கத்துல வந்து உட்காராத. நோஷிரா வா. இந்த ஊர்ல கொதிகலனுக்கா பஞ்சம்? அம்மாவ நான் பார்த்துக்கறேன்."

அவன் நேராகக் குடும்ப வக்கீல் ஆபீசுக்குப் போனான். பெஞ்சில் ஏற்கெனவே ஒரு கிழவர், முழங்கை தேய்ந்த கோட்டோடு, வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"என்ன விவகாரம் தம்பி?"

"ஒரு பட்டத்தக் கழட்டணும் ஐயா."

"மாட்டிக்கத்தான் இங்க எல்லாரும் வருவாங்க. உனக்கு என்ன கஷ்டம்?"

நோஷிர் எல்லாவற்றையும் கொட்டினான். தட்டு விழுந்ததைச் சொன்னபோது கிழவருக்குக் கடலை புரையேறியது. முதுகைத் தட்டிவிட்டான்.

"பொண்ணு கெட்டிக்காரி" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னவளும் அப்படித்தான். சாகுற வரைக்கும் பழைய பேர் சொல்லித்தான் கூப்பிட்டா."

நோஷிருக்கு அது சரியாகக் காதில் ஏறவில்லை. குமாஸ்தா கதவிடுக்கில் தலையை நீட்டினான்.

"சர் எடல்ஜி, உள்ள வாங்க."

நோஷிர் எழுந்தான். கிழவரும் எழுந்து, மடியிலிருந்த கடலைத் தோலை உதறினார்.

"நீ உட்காருடா நோஷிர். அகியாரியில ஓதினது எங்கப்பா எடல்ஜிக்கு, வருஷத் திதி. நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்னு வக்கீல்கிட்ட எழுதி வாங்கத்தான் பூனாவுலேர்ந்து வந்திருக்கேன்."