பச்சைப் புள்ளி எரியும் நேரம்

என் மத்தியானத் தூக்கத்தை எப்படிப் பறிகொடுத்தேன் என்பதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் சொல்ல முடியாது, பறித்தவள் அங்கேதான் இருக்கிறாள். ஆபீஸில் சொல்ல முடியாது, நான் மத்தியானம் தூங்குவது அங்கே யாருக்கும் தெரியாது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்கள். நான் சத்தமாகப் பேசுகிற ரகம் இல்லை.

மென்பொருள் எழுதுவது என் வேலை. வீட்டிலிருந்தபடியே எழுதுகிறேன். கூடத்தை ஒட்டிய சின்ன அறைதான் என் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு டேபிள் ஃபேன், ஒரு கதவு. இவற்றில் நான் உயிராக மதிப்பது கதவை.

எங்கள் ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் ஒரு செயலிக்குள்தான் குடியிருக்கிறோம். பேசுவது அதில். வேலை கொடுப்பது அதில். வேலை தள்ளிவிடுவதும் அதில். ஒவ்வொருவர் பேருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி உண்டு. மவுஸ் அசைந்தால் பச்சை. கொஞ்ச நேரம் அசையாவிட்டால் சாம்பல். டீம் லீடர் எங்கள் முகத்தைப் பார்த்து மாதக்கணக்காகிறது. புள்ளியைப் பார்த்தே குசலம் விசாரித்துக்கொள்வார்.

வயிறு நிறையச் சாப்பிட்ட மனிதன் சாம்பலாவது இயற்கை. அந்த இயற்கையை நான் ஃபேனை வைத்து வென்றேன். தலையை இப்படியும் அப்படியும் திருப்புகிற ஃபேன் அது. அதன் கழுத்தில் ஒரு நாடாவைக் கட்டி, மறுமுனையில் மவுஸைக் கட்டினேன். ஃபேன் திரும்பத் திரும்ப மவுஸ் மேசைமேல் போய்ப் போய் வரும். நான் உறங்குவேன், என் புள்ளி விழித்திருக்கும்.

"மத்தியானத்துலகூடப் பச்சையா இருக்கற ஒரே ஆள் நீதான்பா" என்று டீம் லீடர் எல்லோர் எதிரிலும் சொன்னார். அதை அப்படியே கொண்டுபோய் மனைவியிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள். அந்த 'அப்படியா'வை நான் அன்றைக்குச் சரியாகக் கவனிக்கவில்லை.

மனைவிக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவாள். நாள் குறித்துவிட்டு வராமல் ஓடுகிறவர்களை ஃபோனில் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைப்பதுதான் அவள் தொழில். "ஒன்னுமில்லங்க, சும்மா பார்ப்பாங்க, வலிக்காது" என்று அவள் சொன்னால் பல்லே இல்லாதவர்கூட வந்து வாயைத் திறப்பார். என்னிடம் அந்தக் குரலில் அவள் பேசுவதில்லை. நேராகக் கதவைத் தட்டுவாள்.

"என்னங்க, குழாய் சொட்டுது."

"என்னங்க, பல்பு போயிடுச்சு."

"என்னங்க, பரண்."

இந்தப் பரணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்கள், பிடியில்லாத குடைகள், மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள் எல்லாம் அங்கே ஒற்றுமையாக வாழ்ந்து வந்தன. அதைச் சுத்தம் செய்யச் சொல்லி அவள் கேட்பதும் நான் "இந்த வாரம்" என்பதும் எங்கள் தாம்பத்தியத்தின் அஸ்திவாரம்.

ஆபீஸ் கண்ணில் மண்ணைத் தூவியாயிற்று. வீட்டையும் ஒரு வழி பண்ணிவிட்டால் தூக்கம் நிரந்தரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்டையைச் செருமிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"இனிமே இந்த வீட்டுல யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது."

"சாப்பிடக்கூடவா?"

"சாப்பிடக் கூப்பிடலாம். வேலைக்குக் கூப்பிடக் கூடாது. வேலைன்னா டிக்கெட் போடணும்."

"எந்த ஊருக்கு?"

"ஊருக்கு இல்லம்மா. எங்க ஆபீஸ்ல இருக்கற மாதிரியே ஒரு செயலி நம்ம வீட்டுக்கும் போட்டிருக்கேன். குழாய் சொட்டுதுன்னு வச்சுக்கோ. நீ போர்டுல ஒரு டிக்கெட் போடுவ. அது 'செய்ய வேண்டியது'ல வந்து நிக்கும். நான் அதை எடுத்து 'நடக்கிறது'க்கு மாத்துவேன். அப்புறம் 'முடிந்தது'க்கு மாத்துவேன்."

"குழாயை யாரு மாத்துவா?"

"முதல்ல டிக்கெட்டை மாத்தணும். குழாய் தன்னால வழிக்கு வரும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "சரி. இந்தப் பச்சைப் புள்ளி?"

"என் பேருக்குப் பக்கத்துல பச்சை எரிஞ்சா நான் வேலையில இருக்கேன்னு அர்த்தம். கதவைத் தட்டக் கூடாது. எழுதிப் போட்டுட்டுப் போயிடணும்."

"எழுதிப் போட்டு நீங்க பதிலே சொல்லலைன்னா?"

நான் காத்திருந்த கேள்வி அது. "அதுக்கும் எங்க டீம்ல ஒரு விதி இருக்கு. ஒருத்தர் ஒன்னு கேட்டு, குழுவுல பச்சையா இருக்கற யாரும் ஒரு மணி நேரத்துக்குள்ள ஆட்சேபனை சொல்லலைன்னா, எல்லாருக்கும் சம்மதம்னு எடுத்துக்கலாம்."

"யாரும்னா? நாம ரெண்டு பேர்தானே?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

"நல்ல விதிங்க" என்றாள். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். உஷாராகிற புத்தி இருந்தால் இந்தக் கதை எதற்கு?

முதல் வாரம் சொர்க்கம். 'குழாய் சொட்டுகிறது' என்று போட்டாள். 'எந்தக் குழாய்? கூடுதல் விவரம் தேவை' என்று திருப்பி அனுப்பினேன். 'சமையலறைக் குழாய்' என்றாள். 'எப்போதிலிருந்து?' என்றேன். அவள் பொறுமையாக நிரப்பிக்கொண்டே இருந்தாள். குழாய் பொறுமையாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. 'பரண்' என்று வந்ததை 'வருங்காலத் திட்டங்கள்' என்ற பத்திக்கு அனுப்பினேன். அந்தப் பத்திக்குப் போனது எதுவும் எங்கள் ஆபீஸில் உயிரோடு திரும்பியதில்லை.

ஒரு நாள், 'என் தலை நாடா ஒன்றைக் காணவில்லை. சிவப்பு' என்று ஒரு டிக்கெட் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஃபேன் கழுத்தில் இருந்தது அதுதான். சுதாரித்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் வாடிக்கையாளர்களுக்கு எழுதுகிற பதிலையே எழுதினேன். 'என் பக்கம் சோதித்துப் பார்த்தேன். அப்படி ஒரு பிரச்சினை தென்படவில்லை.'

அத்தோடு நின்றிருக்கலாம். ஆசை யாரை விட்டது? காலை நேரத்தில் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை சந்தைக்கடையாக இருக்கும். அங்கே கணினியில் எங்கள் வீட்டுச் செயலியையும் அவள் திறந்து வைத்திருப்பதால் புள்ளி பச்சை, ஆனால் பதில் எழுதக் கை ஒழியாது. அந்த நேரம் பார்த்து, 'சாய்ந்து படுக்கிற நாற்காலி ஒன்று வாங்கலாமா? ஆட்சேபனை இருந்தால் சொல்லவும்' என்று போட்டேன். ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். வேலை நேரத்தில் நான் அவ்வளவு கவனமாக எதையும் பார்த்ததில்லை. பதில் இல்லை. சம்மதம்.

நாற்காலி வந்து இறங்கியது. வீடு திரும்பியவள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். உட்கார்ந்து பார்த்தாள். பின்னால் சாய்ந்து பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க."

"கோபம் இல்லையே?"

"எதுக்குக் கோபம்? விதி விதிதானே."

மறுநாள் அந்த நாற்காலியில் முதல் தூக்கம். அடடா. எழுந்து பார்த்தால் எங்கள் வீட்டுக் குழுவில் மூன்று பேர். மூன்றாவது ஆள் என் மாமியார். இரு கையும் கூப்பிய படம் ஒன்றைப் போட்டுவிட்டு, 'நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை' என்று விசாரித்திருந்தார்.

சமையலறைக்குப் போனேன்.

"அத்தை எப்படி வந்தாங்க?"

"சேர்க்கலாமான்னு கேட்டேனே. நீங்க ஆட்சேபனை சொல்லலை."

"எப்ப கேட்ட?"

"சாப்பிட்டதும். பச்சையா இருந்தீங்களே."

"இருந்தேன், இருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அதற்கடுத்த நாள் தூங்குவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டேன். முகம் கழுவினேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். ஒரு முன்னெச்சரிக்கைக்காக மட்டும் மவுஸை ஃபேனில் கட்டினேன். நாற்காலியில் சும்மா முதுகைச் சாய்த்தேன். என் தவறில்லை, அந்த நாற்காலி அப்படி. கண் விழித்தபோது போர்டில் 'சம்மதம்' என்ற பச்சை அடையாளங்கள் வரிசை கட்டி நின்றன. குழாயை இன்று சாயங்காலமே மாற்றுவது, சம்மதம். அத்தை மாதம் ஒரு வாரம் வந்து தங்குவது, சம்மதம். பரணைச் சனிக்கிழமை சுத்தம் செய்வது, சம்மதம். சனிக்கிழமைகளில் சாய்வு நாற்காலியை மனைவிக்கு விட்டுக்கொடுப்பது, மனமார்ந்த சம்மதம்.

"நான் எப்பம்மா சம்மதிச்சேன்?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மத்தியானம்."

"நான் பார்க்கவே இல்லையே."

"பச்சையா இருந்தீங்களே."

"பச்சையாத்தான் இருந்தேன். ஆனா..."

"ஆனா?"

அந்த 'ஆனா'வில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பார்த்தேன். தூங்கிவிட்டேன் என்று சொன்னால், பச்சை எப்படி எரிந்தது என்று கேட்பாள். ஃபேன் வரும், நாடா வரும், டீம் லீடரின் பாராட்டு வரும், இத்தனை நாள் அவள் கதவைத் தட்டாமல் கால் கடுக்க நின்றது எதற்கென்று கணக்கு வரும். விழித்திருந்தேன் என்று சொன்னால் பரணில் ஏற வேண்டும்.

"ஆனா... யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"ஒரு மணி நேரமாவா?"

"எல்லாமே நல்ல முடிவாத் தோணிச்சு."

"எனக்கும் அப்படித்தாங்க தோணிச்சு." மடித்த துணியை என் கையில் அடுக்கினாள். பிறகு, இத்தனை நாள் ஃபோனில் மட்டுமே நான் கேட்டிருந்த அந்தக் குரலில் சொன்னாள். "ஒன்னுமில்லங்க, வலிக்காது."

சனிக்கிழமை மத்தியானம் ஏணி போட்டு ஏறினேன். தும்மினேன். ஒரு கடிகாரத்தை இறக்கினேன். மறுபடி தும்மினேன். ஆளுக்கொரு நேரத்தில் நின்றுபோன கடிகாரங்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. அப்போது என் ஆபீஸ் அறையிலிருந்து பழக்கமான சத்தம் ஒன்று கேட்டது. ஃபேன் தலையைத் திருப்பும் சத்தம். கூடவே, மேசைமேல் எதுவோ இழுபடும் சத்தம்.

ஏணியில் நின்றபடியே எட்டிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. சாய்வு நாற்காலியில் மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபேன் கழுத்தில் சிவப்பு நாடா. நாடாவின் மறுமுனையில் மவுஸ், போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. என் லேப்டாப்பில் எங்கள் வீட்டுச் செயலி, அவள் பேரில்.

ஃபோனை எடுத்துப் பார்த்தேன். அவள் புள்ளி பளிச்சென்று பச்சை. காணாமல்போன நாடாவின் டிக்கெட் 'முடிந்தது' பத்தியில் கிடந்தது. கீழே ஒரு குறிப்பு. 'என் பக்கம் சோதித்துப் பார்த்தேன். கிடைத்துவிட்டது. கட்டிய இடத்திலேயே இருக்கட்டும்.'

ஆக, எல்லாம் தெரியும். என்றைக்கோ கதவைத் திறந்து பார்த்து, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போயிருக்கிறாள்.

சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஏணியில் நாலாவது படியில் உட்கார்ந்து யோசித்தபோது ஒரு பொறி தட்டியது. அவள் தூங்குகிறாள். ஆனால் பச்சை எரிகிறது. விதி ரெண்டு பேருக்கும் பொதுதானே? விறுவிறுவென்று தட்டினேன். 'பரண் வேலையை நிரந்தரமாக நிறுத்திவிட்டு நாற்காலியை எனக்கே திருப்பித் தரலாமா? ஆட்சேபனை இருந்தால் சொல்லவும்.'

அத்தையின் புள்ளியைப் பார்த்தேன். சாம்பல். அவருக்கும் மத்தியானத் தூக்கம் உண்டு, நல்ல குடும்பம்.

காத்திருந்தேன். கால் மணி. அரை மணி. மனைவி புரண்டு படுத்தாள். முக்கால் மணி. தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை உள்ளேயே விழுங்கினேன். காது இரண்டும் அடைத்துக்கொண்டன. இன்னும் ஒரு நிமிஷம். என் நாற்காலி, என் கதவு, என் தூக்கம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றன.

கையில் ஃபோன் லேசாக அதிர்ந்தது. சாம்பல் புள்ளி ஒன்று பச்சையாகியிருந்தது.

'எனக்கு ஆட்சேபனை இருக்கு மாப்பிள்ளை.'