மூன்றாவது மாடியில் ஒரு தட்டுகூட இல்லை

திருமுல்லைவாயில்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு, ரூபஸ் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் இங்கு நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வருகிறதே என்று திகைக்காதே. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அப்பா உன் தோளுக்கு மேலிருந்து படித்துவிடுவார். நான் கம்பெனி வேலையை விட்டதும், இங்கே காலனி சங்கக் கட்டடத்தில் வயதானவர்களுக்கு ஆவணப்படம் எடுக்கக் கற்றுக்கொடுப்பதும் உனக்கு மட்டுமே தெரியும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது நானே அவரிடம் சொல்கிறேன். அதுவரை வாயைத் திறக்காதே.

கற்றுக்கொடுக்கிறேன் என்பதும் பெரிய வார்த்தை. மாணவர்கள் மூன்று பேர். பூங்காவனம் அம்மாள் கேமரா என்றாலே பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு வந்து "அனைவருக்கும் வணக்கம்" என்கிறார். தட்சிணாமூர்த்தி சார் எடுத்த முதல் படத்தில் அவருடைய கட்டைவிரல் மட்டும். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அழைத்துப் போய், மீன் பிடிப்பவரிடம் அவர் வாழ்க்கையைக் கேளுங்கள் என்றேன். இஸ்மாயில் பாய் விலை கேட்டார். மூவரும் பேரம் பேசி, வாங்கி, பங்கு போட்டு, பஸ் ஏறிவிட்டார்கள். ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்த போன் மீன் பைக்குள். இருட்டு. கெண்டை துடிக்கும் சத்தம்.

போன மாதம் பொறுமை போய் ஒரு பயிற்சி கொடுத்தேன். பக்கத்திலேயே குடியிருந்தும் நீங்கள் அறியாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் வீட்டுக்குப் போங்கள். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மௌனம் தாங்காமல் அவரே பேசுவார். தலையாட்டினார்கள். அதன் பிறகு ஒரு படமும் வரவில்லை. அவர்கள்தான் வருகிறார்கள், என் மூன்றாவது மாடி பிளாட்டுக்கு.

போன சனிக்கிழமை விடிந்ததும் பூங்காவனம் அம்மாள் இட்லித் தூக்குடன் நேராகச் சமையலறைக்குள் போனார்.

"இன்னா நைனா, ஊட்ல ஒரு தட்டுகூட இல்ல. எதுல துன்ற?"

பார்சல் டப்பா மூடியில் என்றேன். தட்சிணாமூர்த்தி சார் போனை மூக்குக்கு நேரே பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றார். கிரிக்கெட் போலிருக்கிறது. பாய் கேட்டார்:

"உங்க அப்பாவுக்கு உன் மேல கோவமா தம்பி?"

"இல்ல பாய். அவருக்குத் தெரியாது."

"தெரிஞ்சா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். இட்லி சூடாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் ஆபீஸ் அடையாள அட்டையின் நகலை அப்பா பர்ஸில் வைத்திருப்பது, அவர் குரல் கேட்டாலே என் நாக்கு ஒட்டிக்கொள்வது, எல்லாம்.

நாளை மறுநாள், ஞாயிறு, வகுப்பின் திரையிடல். நாற்காலிக்குச் சொல்லியாயிற்று. காட்டப் படம் இல்லை. போதும் அக்கா. திங்கட்கிழமை பழைய கம்பெனியிலேயே போய்க் கேட்கிறேன். கிடைத்துவிட்டால் அப்பாவிடம் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை.

உனக்கும் உன் ஆறாம் வகுப்புக்கும் என் ஜெபங்கள். அப்பாவின் முழங்காலுக்கு என் சார்பாகத் தைலம் தேய்த்துவிடு. என் சார்பாக என்று சொல்லாதே.

அன்புத் தம்பி,
ரூபஸ்

பி.கு.: தபால்தலை இல்லாமல் இது மேசையிலேயே கிடந்தது. இன்று ஞாயிறு. படம் வைத்திருந்தார்கள். திரையில் நான். நின்றுகொண்டே இட்லி தின்கிறேன். அவருக்குத் தெரியாது என்கிறேன். ஒலி மிகத் தெளிவு. கடைசியில், ஒளிப்பதிவு தட்சிணாமூர்த்தி என்று வருகிறது.

"நீதான நைனா சொன்ன, பக்கத்துலயே கீற ஆளு, யாருன்னே தெரியாத ஆளுன்னு" என்றார் பூங்காவனம் அம்மாள். பிறகு சாதாரணமாக, "உங்க அப்பாவுக்குக் காலைலயே அனுப்பிட்டோம். பாய்தான் உன் ஹவுஸ் ஓனர்கிட்ட நம்பர் வாங்கினாரு."

நான் எழுந்து வெளியே போவதற்குள் அப்பா அழைத்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. நானும் சும்மா இருந்தேன். மௌனம் தாங்காமல் அவரே பேசினார்.

"ஒரு தட்டு வாங்க முடியாதாலே?"

பிறகு, "அந்தப் பெரியவரு கேமராவ ஆட்டாமப் பிடிச்சிருக்காரு. நீயா சொல்லிக்குடுத்த?"

ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை எங்கும் போகவில்லை, வகுப்பு இருக்கிறது. உறையில் உன் பள்ளி விலாசத்தை அடித்துவிட்டு வீட்டு விலாசம் எழுதியிருக்கிறேன். அப்பாவே பிரிக்கட்டும்.