கார்கிலுக்குப் போகாத ஜீப்

"ஜீப் அச்சா ஹை!"

வாசலில் நின்ற ஜீப்பைச் சாண் போட்டு அளந்துவிட்டு, நாளைக்கு வருவதாகக் கையைக் காட்டிவிட்டுப் போனான் பட்டாளத்துக்காரன்.

"தோள்ல தங்கக் குஞ்சலம், காற்சட்டையில செவப்புப் பட்டை! கர்னலுக்குக் கொறஞ்சவன் இல்ல" என்றார் ஆவுடைநாயகம்.

கார்கிலில் சண்டை நடந்த ஆனி மாதம் அது. அந்த ஜீப் ஓடிப் பல வருஷமாகிறது. எஞ்சினுக்குள் வேப்பங்கன்று தளிர்த்திருந்தது. பின்சீட்டில் ஒரு கோழி பேரன் பேத்தி எடுத்திருந்தது. ஆனாலும் அவருக்கு அது உயிர்.

"இது இல்லாம இமயமல ஏற முடியாதுன்னு டெல்லிக்கே தெரிஞ்சுபோச்சு நீலா!"

"அப்பம் வக்கீலப் போய்ப் பாருங்க" என்றாள் மனைவி நீலாம்பாள். "ஞாயித்துக்கெழம நம்ம ப்ரியாவப் பொண்ணு பாக்க வாராங்க. வாசல்ல பட்டாளம் நின்னா நல்லாவா இருக்கும்?"

பாளையங்கோட்டை வக்கீல் குற்றாலலிங்கம் சிரித்தார். "சண்டக் காலத்துலயும் சட்டம் உண்டும் அண்ணாச்சி. வண்டிய எடுக்கணும்னா எழுத்துல உத்தரவு வேணும், நட்டஈடு குடுக்கணும். 'உத்தரவு எங்க?'ன்னு கேளும்."

"துப்பாக்கிக்காரன்ட்டயா வே?"

"அது உம்ம உரிமை."

உரிமையை நம்பினார், இருந்தாலும் நாலு சக்கரத்தையும் கழற்றிக் கட்டிலுக்கடியில் ஒளித்தார். மறுநாள் வந்த கர்னல், தரையோடு உட்கார்ந்திருந்த ஜீப்பைப் பார்த்துப் பூரித்துப் போனான்.

"பீரங்கி வைக்க பகுத் அச்சா!"

ஆவுடைநாயகம் அசரவில்லை. ஏற்கனவே பட்டாளத்து வண்டி என்றால் யார் எடுப்பார்கள்? ஜீப் முழுக்கப் பட்டாளத்துப் பச்சையைப் பூசினார். கோழியும் பாதி பச்சையானது.

பெயின்ட் காயுமுன் தெருவோடு போன போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தினார். "என்ன வே இது? தனியார் வண்டிக்கு இந்த நெறம் அடிக்கது குத்தம்லா! நாளைக்கு நான் வரும்போது இது இங்கன நிக்கக் கூடாது."

சனிக்கிழமை விடிந்ததும் சக்கரங்களை மாட்டி, டிராக்டரில் கட்டி, சேரன்மகாதேவி வரை இழுத்துப்போய், மச்சினன் களத்து வைக்கோல் படப்புக்குள் ஜீப்பைப் புதைத்துவிட்டு வந்தார். மத்தியானம் கர்னல் ஆஜர். வெறும் வாசலில் சிங்கம் போல நின்றார் ஆவுடைநாயகம்.

"உத்தரவு எங்க? எழுத்துல இருக்கா? நட்டஈடு எங்க?"

கர்னல் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துத் திரும்பி நடந்தான்.

"பாத்தியா நீலா! சட்டம் தெரிஞ்சவனக் கண்டா பட்டாளமே பின்வாங்குது!" மார்பை நிமிர்த்திக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார்.

நீலாம்பாள் நிதானமாக வாசல் முழுதும் சாணி தெளித்து, நாளை வருகிறவர்களுக்காகத் தேர் அகலத்துக்குக் கோலப்புள்ளி வைக்கத் தொடங்கினாள். பக்கத்துச் சந்திலிருந்து தங்கக் குஞ்சலம் எட்டிப் பார்த்தது.

"அக்கா, நீங்க சொன்னபடி ஜீப்புச் சனியன் ஒழிஞ்சுட்டுல்லா? இனி நான் பைய கெளம்புதேன். சாயங்காலம் கல்யாண ஊர்வலத்துக்கு இதே சட்டையோட போயி பேண்டு வாசிக்கணும்."