வேர்த்தால்தான் ஸ்வெட்டர்

அரியலூர் வெயிலையே வேலைக்கு வைத்துக்கொண்ட ஒரே பெண்மணி உல்லன் அக்காதான். நாங்களெல்லாம் அந்த வெயிலுக்கு அஞ்சிக் குடையும் மோருமாக அலைந்தபோது, அவர் அதைத் தம் ஸ்வெட்டர்களைச் சோதிக்கப் பயன்படுத்திக்கொண்டார்.

சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்க வேண்டும். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அரியலூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுவந்தார். ஞாயிறுதோறும் பஸ் ஏறி, பெரம்பலூரில் நான் தங்கியிருந்த மகளிர் விடுதிக்கு வந்துவிடுவார். சாப்பாட்டுக் கூடத்து மின்விசிறிக்கு அடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, உல்லன் நூலில் குல்லாயும் மப்ளரும் பின்னுவோம். இந்த ஊரில் அவற்றை யார் அணியப்போகிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பின்னுவது நின்றுவிடும்.

பின்னி முடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, சித்திரை மாத உச்சிப் பொழுதில் அக்கா பஸ்ஸில் வருவார்.

"காய்ச்சலாம்மா? முன்னாடி வந்து உக்காருங்க" என்று கண்டக்டர் பதறுவார்.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. வேர்க்குதான்னு பாக்குறேன். வேர்த்தாத்தான் ஸ்வெட்டரு."

ஒருமுறை அவர் மடியிலிருந்த நூல்பந்து உருண்டு, இருக்கைகளுக்கு அடியில் புகுந்து, டிரைவர் வரை போய்விட்டது. கண்டக்டர் கத்தரிக்கோல் கேட்டார். "நூல்ல கை வச்சீங்க, பஸ்ஸ விட்டு எறங்கவே மாட்டேன்!" என்றார் அக்கா. பஸ் ஓரங்கட்டியது. சிமெண்ட் லாரிகள் ஹாரன் அடித்துக் கடக்க, பயணிகள் ஒவ்வொருவராகக் காலைத் தூக்க, கோழி வைத்திருந்தவர் கோழியின் காலையும் சேர்த்துத் தூக்கிப் பிடிக்க, அக்கா நூலைச் சுற்றியபடியே நிதானமாக நடந்து போனார்.

எங்களிடம் அவர் காட்டிய கண்டிப்பு இன்னும் கொடியது. பின்னலில் ஒரே ஒரு கண்ணி நழுவியிருந்தாலும் ஊசியை உருவி, நூலைப் பிடித்து ஓர் இழுப்பு. ஒரு மாத மப்ளர் நொடியில் இடியாப்பமாகிவிடும். "தப்பு. மொதல்லேருந்து வா" என்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் ஜெசிந்தா கண்ணீருடன் வந்து நின்றாள். வரதராஜன்பேட்டைப் பெண்; எங்கள் விடுதியில் தங்கியிருந்த நர்ஸ். ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. விரைவில் பதில் சொல்லியாக வேண்டும். அப்பா இல்லாத வீடு, அம்மா தலையசைக்காமல் அவள் போகமாட்டாள். அம்மாவோ அசையவில்லை. மார்கழிப் பனிக்கே இழுப்பு வரும் மகள், பனிக்கட்டி கொட்டும் தேசத்தில் என்ன ஆவாள் என்பது அவர் கவலை.

அக்கா மருந்துக்கடைக்கு லீவு போட்டார். அடுத்த ஞாயிறு, கழுத்துவரை மூடும் நீல ஸ்வெட்டருடன் வந்தார். அதன் மணிக்கட்டருகே ஒரு கண்ணி நழுவியிருந்ததை நான் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "பிரிச்சா இன்னொரு வாரமாயிடும். அந்தப் புள்ள மொகத்தப் பாரு. தாங்குமா?"

அக்கா ஒரு பிழையை மன்னித்ததை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

அன்றே, மகளைப் பார்க்க விடுதிக்கு வந்திருந்த ஜெசிந்தாவின் அம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஓர் ஐஸ் கம்பெனிக்கு அழைத்துப் போனார். ஐஸ் பார்கள் அடுக்கியிருந்த குளிரறையில் இரண்டு ஸ்டூல்களைப் போட்டு, ஸ்வெட்டரை நீட்டினார்.

"ஏம்மா, ஒனக்கென்ன கிறுக்கா? என்னய ஐஸ்ல வச்சிக் கொல்லப்போறியா?"

"போட்டுக்கிட்டு உக்காருங்கம்மா. குளுந்துச்சின்னா சொல்லுங்க. ஒங்க பொண்ண நானே போவ வேணாம்னுடறேன்."

கதவைச் சாத்தினார்கள். வெளியே எங்களோடு நின்ற ஜெசிந்தா, "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஸ்வெட்டருக்குள் அம்மா. பக்கத்தில் வெறும் நூல்புடவையில் அக்கா. நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வேர்க்குது. போயிட்டு வரட்டும்" என்றவர், மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். அக்காவிடம் நன்றி சொல்லத் திரும்பினோம். பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டதில் அவரால் வாயே திறக்க முடியவில்லை.

ஜெசிந்தா போனாள். அம்மா வீட்டில் தனியானார்.

"ஞாயித்துக்கெழம சும்மாத்தான இருக்கீங்க, வாங்க" என்று அவர் கையிலும் ஊசிகளைத் திணித்தார் அக்கா. மகளுக்கென்று மப்ளர் ஒன்றைத் தொடங்கினார் அம்மா. அது முடியும் நிலைக்கு வரும்போதெல்லாம் அக்கா வாங்கிப் பார்ப்பார். ஓர் இழுப்பு. "தப்பு. மொதல்லேருந்து வாங்கம்மா."

"எம்பொண்ணு கெழவியானப்பறம்தான் இதக் கழுத்துல சுத்துவா போலருக்கு!" என்று திட்டிக்கொண்டே மறுபடி ஊசியை எடுப்பார் அம்மா. அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அந்த மப்ளர் என் கைக்கு வந்தது. வரிசை வரிசையாகப் பார்த்தேன். ஒரு கண்ணிகூட நழுவியிருக்கவில்லை. நிமிர்ந்தபோது உல்லன் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மப்ளரை அவரிடம் நீட்டி, "ஆமாங்க்கா, தப்புதான்" என்றேன்.