ஒரே தோட்டம், ஒரே முகவரி

கோலா சிலாங்கூரிலிருந்து சற்று உள்ளே தள்ளிய செம்பனைத் தோட்டமொன்றில், மாண்புமிகு பிரமுகர் ஒருவரின் பொற்கரங்களால் ரிப்பன் வெட்டப்பெற்று, இணைய மையம் இனிதே திறந்துவைக்கப்பட்டது. பத்துக் கணினி. பத்திலும் லினக்ஸ். ஒரே குறை, ஒன்றில் இணையம் வந்தால் மற்ற ஒன்பதிலும் போய்விடும்.

கம்ப்யூட்டர் படிக்கும் பியாட்ரிஸ் அன்று ஐந்து மணிக்குள் ஹாஸ்டல் விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். தவறினால் செமஸ்டர் முழுக்க பஸ்ஸிலேயே குடித்தனம். நெட்வொர்க் அமைப்பைத் திறந்து பார்த்தாள். பத்துக்கும் ஒரே ஐபி முகவரி, கையால் அடித்துப் போடப்பட்டிருந்தது.

“யார் அங்கிள் இந்த வேலையப் பார்த்தது?”

“நான்தான்,” என்றார் மையப் பொறுப்பாளர் கணேஸ்வரன், மாலைக்குக் கழுத்தை நீட்டுபவர்போல. “முகவரி கேட்டுச்சு. நம்ம தோட்டத்துக்கே ஒரே முகவரிதானம்மா? எல்லா லயத்து வீட்டுக் கடிதமும் ஆபீசுக்கு வரும், அங்க கணக்கு எழுதுற கிராணி பிரிச்சுக் கொடுப்பார்.”

“கிராணி வேலைய ரவுட்டர் பார்க்கும் லா. ஆனா ஆளுக்கொரு நம்பர் வேணும். பத்துப் பேருக்கும் செல்லையான்னே பேர் வச்சா, கிராணி யார்கிட்ட கொடுப்பார்?”

“யார் முதல்ல கை நீட்டுறாங்களோ, அவங்ககிட்ட.”

ரவுட்டரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

உடனே நோட்டீஸ் ஒட்டப்பட்டது: ‘ஒருவர் இணையத்தைப் பயன்படுத்துகையில் ஏனையோர் தத்தம் கணினியை அணைத்து ஒத்துழைப்பு நல்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ ஒன்பது பேர் இருண்ட திரைக்கு முன் உட்கார்ந்து ஒத்துழைத்தார்கள்.

நாலே முக்கால் ஆகியும் அவள் முறை வரவில்லை. பொறுமை போய்க் கணினியைப் போட்டு, ‘மேனுவல்’ என்றிருந்ததை ‘ஆட்டோமெட்டிக்’ ஆக்கினாள். இணையம் வந்துவிட்டது.

கணேஸ்வரன் திரையிலிருந்த புது ஐபி முகவரியை எட்டிப் பார்த்தார். “கடைசியில நூத்தி நாலா? நம்ம தோட்டத்துல நூத்தி நாலாம் நம்பர் வீடே இல்லையே! யாரக் கேட்டுப் போட்ட?”

“ரவுட்டரே கொடுத்துச்சு.”

“அதுக்கு யார் அதிகாரம் கொடுத்தா?”

“அங்கிள், உங்களாலதான் நாம உருப்படல! எங்க யூனிவர்சிட்டிக்கு வந்து பாருங்க. எல்லாம் சிஸ்டம்!” என்று சொல்லிக்கொண்டே, விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானை ஓங்கி அழுத்தினாள்.

திரையில் சிவப்பாக வந்தது: ‘இந்த வீட்டு முகவரியிலிருந்து ஏற்கெனவே ஒரு மாணவர் விண்ணப்பித்துள்ளார். ஒரு முகவரிக்கு ஓர் அறை மட்டுமே.’

பக்கத்தில் ஒத்துழைத்துக்கொண்டிருந்த அடுத்த லயத்து அகிலன் தலையைக் குனிந்தான். “நான் காலையிலேயே அனுப்பிட்டேன்க்கா.”

கணேஸ்வரன் இரண்டு முறை படித்தார். பிறகு உண்மையான கவலையோடு கேட்டார்:

“ஏம்மா, அங்க ஒரு கிராணிகூட இல்லையா?”