இளவட்டக்கல்லில் ஏறிய பேய்

கொடைக்கானல் சந்தையில் அந்த வருஷம் உருளைக்கிழங்கைவிட வேகமாகப் போனது கறுப்புக் கயிறுதான். கோயில், சர்ச், பள்ளிவாசல் என்று பிரிந்து போகிறவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஒற்றுமையைப் பற்றி மேடை போட்டுப் பேசினால் பத்துப் பேர் வரமாட்டார்கள்; பேய் என்றால் ஊரே கூடிவிடும்.

பேய்க்குப் புளியமரம் அலுத்துவிட்டதாம். இளசுகளின் ரத்தத்தில் குடியேறிவிட்டதாம். கண்டுபிடித்தவர் பிரஷர் சித்தர். காவி வேட்டி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்.

இளவட்டக்கல்லைத் தூக்கினவன்தான் இளவட்டம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கல் பொய் சொல்லாது என்று நம்புகிற ஊர். சித்தர் அதில் குட்டியாக ஒன்றை வைத்திருந்தார். வருகிறவரை உட்காரவைத்து, இடக்கையில் அதை நீட்டிப் பிடித்து மூச்சை அடக்கச் சொல்வார். வலக்கையில் பிரஷர் பார்ப்பார். எகிறியிருக்கும். பிறகு கயிறு கட்டி, ஏரிக்கரையில் மெல்ல நடந்துவிட்டு வந்து உட்காரச் சொல்வார். இறங்கியிருக்கும். பேய் போயிற்று. ஆனால் பொல்லாத பேய், வாராவாரம் திரும்பி வரும். கயிறும் வாராவாரம் புதிதாக வேண்டும்.

வில்பட்டி லீமாவுக்கும் பேய் பிடித்திருந்தது. மதுரையில் விளையாட்டு டீச்சர் பயிற்சிக்கு இடம் கிடைத்து, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டிய பெண். "இந்தப் பிள்ள ஓடுனா ரத்தம் கொதிச்சு வாய்வழியா வரும்" என்று சித்தர் சொன்னதும், தாய் அருள்மேரி பயணத்தையே நிறுத்திவிட்டாள். தினமும் டவுனுக்கு ஏற்றம் ஏறி நடக்கிறபோது வராத பேய், நாற்காலியில் உட்கார்ந்ததும் வருவானேன்? லீமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் தாயையும், தெரிந்த நர்ஸ் ஜோசப்பினையும் இழுத்துக்கொண்டு சித்தரிடம் போனாள்.

"சாமி, இன்னிக்கு மொதல்ல கயித்தக் கட்டிருங்க. பெறகு கல்லப் பிடிக்கிறேன்."

சித்தர் நெளிந்தார். "அது முறையில்ல தாயி."

"கயிறு இருந்தாப் பேய் அண்டாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"கட்டுங்க சாமி" என்றது கூட்டம். பாவம், சாமிக்குப் பரிந்து பேசுவதாக நினைப்பு.

கட்டினார். லீமா கல்லை நீட்டி மூச்சை அடக்க, ஜோசப்பின் பிரஷர் பார்த்தாள். கயிற்றோடேயே எகிறியிருந்தது. லீமா கல்லை வைத்துவிட்டுக் கயிற்றை அறுத்துப் போட்டாள். ஏரிக்கரையில் நடந்து வந்து, மூச்சு ஆறும்வரை உட்கார்ந்தாள். மறுபடி பார்த்தால் இறங்கியிருந்தது.

"கயிறு இருந்தா ஏறுது, அத்துப் போட்டா எறங்குது. அப்ப பேய் கயித்துலயா கெடக்கு?" என்று கேட்டார் பலசரக்குக் கடை முத்து முகம்மது.

"பேயுமில்ல, கீயுமில்லங்க" என்றாள் ஜோசப்பின். "கனத்த இறுக்கிப் பிடிச்சு மூச்ச அடக்குனா எந்த இளவட்டத்துக்கும் அந்த நேரத்துக்குப் பிரஷர் ஏறும். விட்டா எறங்கிரும். நடந்துட்டு வந்து உக்காந்தா இன்னும் கொஞ்சம் கொறையும். வேணும்னா சாமி பிடிக்கட்டும், பாப்போம்."

சித்தர் மறுத்தார், கூட்டம் விடவில்லை. அவருக்கும் ஜம்மென்று ஏறியது.

"சாமிக்கே பேயா? இவருக்கு யாரு கயிறு கட்டுறது?" என்றாள் வரிசையில் நின்ற கருப்பம்மாள். கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் சித்தர் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறியிருந்தார்.

அருள்மேரி மகளின் முகத்தைப் பார்க்கக் கூசி, "வெள்ளனே கெளம்பணும். வெரசா வா, துணிமணி எடுத்து வைப்போம்" என்றாள்.

அதற்குள் நாலைந்து பேர் ஜோசப்பினைச் சூழ்ந்துகொண்டார்கள். "சிஸ்டர், நீங்க பேயவே இல்லன்னு ஆக்கிட்டீங்க. ஒங்க கையால ஒரு கயிறு கட்டிவிடுங்களேன்."

லீமா திரும்பிப் பார்த்தாள். "கட்டுனதெல்லாம் போதும். மூளையக் கட்டி வச்சிருக்கீங்களே, மொதல்ல அத அவுத்து விடுங்க."