பாருக்குக் காவல் போட்ட விதிவிலக்கர்கள்

விதிவிலக்கர் என்றொரு இனம் உண்டு. எந்தக் கூட்டத்திலும் முதலில் கை உயர்த்துபவர் அவர்தான். ஊருக்கு ஒழுங்கு வேண்டும், தடை வேண்டும், மீறுபவனுக்குத் தண்டனை வேண்டும் என்று தொண்டை கிழியப் பேசுவார். அந்த ஒழுங்கு தன் வீட்டு வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் என்று மனதார நம்புவார். இவ்வளவு நுணுக்கமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மன்னார்த் தீவில் அந்த இனத்தின் சங்கத்துக்கு யாகப்பர் ஆகிய நானே தலைவர்.

எங்கள் கரைக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு பவளப்பாறை. பார் என்போம். தலைமன்னாருக்கு ரயில் வந்ததும் கருவாட்டுக்குக் கொழும்பில் கிராக்கி ஏறியது, வெளியூர் வள்ளங்கள் வந்தன, புது வீடுகளுக்குச் சுண்ணாம்பு வேண்டுமென்று பவளத்தையே உடைத்துச் சூளையில் போட்டார்கள், கலவாய் மீன் வரவர அருகியது. மன்னாரை ஆண்ட வெள்ளைக்கார அதிகாரி, ஏசண்டர் துரை, தடுப்பார் என்று காத்திருந்தோம். துரையின் கண்ணுக்கு முத்து விளையும் பார் தெரியும். மீன் விளையும் பார் தெரியாது.

ஆகவே கத்தோலிக்கரும் முஸ்லிம்களுமாக நாங்களே கூடினோம். கலவாயின் சினைப் பருவம் முடியும்வரை பாரில் எவரும் மீன் பிடிக்கும் கூடு இறக்கக் கூடாது என்று முழங்கினேன். எருக்கலம்பிட்டி சாஹுல் ஹமீட் வழிமொழிந்தார். என் பக்கத்து வீட்டு அருளப்பு கதிரையில் ஏறி நின்று, "மீறுறவன்ர கூட்டை உடைக்கோணும்!" என்று கத்தினான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் விடிய நான் பாருக்குப் போனேன். தப்பாக நினைக்காதீர்கள். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் காரல் பொடிமீனையா வைப்பது? ஒரேயொரு கூடு. அதுவும் சிறியது.

அங்கே அருளப்புவின் வள்ளம் நின்றது.

"என்னடா இது?"

"பங்குச் சுவாமியார் சுகமில்லாமக் கிடக்கிறார், அண்ணை. அவருக்கு ஒரு சொதி வைக்கத்தான். கோயில் காரியத்துக்கும் தடையோ?"

சற்று அப்பால் சாஹுல் ஹமீட் தன் கூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஆராவது களவா வாறாங்களோ எண்டு பாக்க வந்தனான்."

"கூட்டோடயோ?"

"சும்மா நிண்டா ஆக்கள் சந்தேகப்படுவினம், யாகப்பர்."

மற்ற இருவரின் காரணங்களும் அப்பட்டமான சாட்டு என்று மூவரும் தனித்தனியே உணர்ந்தோம். ஆனாலும் பெருந்தன்மையோடு மன்னித்தோம். தடை நாளையிலிருந்து என்று அலையின் மேலேயே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

கூடுகள் நிறைந்தன. வீட்டுத் தேவைக்கு மிஞ்சியதைப் பிரான்சிஸ்காவின் வாடிக்குக் கொண்டுபோனேன். கருவாட்டு வாடி நடத்தும் அந்த விதவையிடம்தான் எங்கள் எல்லோருடைய மீனும் காயும். அவள் ஒரு கலவாயின் வயிற்றை அமுக்கினாள். சினை பிதுங்கி வந்தது.

"இது எங்க பிடிச்சது, அண்ணை?"

"பாருக்கு அங்கால."

"இதுகளையும் பிடிச்சு முடிச்சா, வாற வருசம் நான் வெறும் பாயையோ காயப்போடுறது? பார் மீன் இந்தப் பருவம் முடியுமட்டும் என்ர வாடிக்குள்ள வராது. கொண்டு போங்கோ."

"பிள்ளை, என்ர காரியம் வேற..."

"அருளப்புவும் இதைத்தான் சொன்னவர். ஹமீட் காக்காவும் இதைத்தான் சொன்னவர். அவையின்ர மீனும் திரும்பித்தான் போனது."

வெயில் ஏற ஏற மீன் நாறியது. வேலிக்குப் பின்னால் புதைத்தேன். ஊர்ப் பூனைகள் தோண்டி எடுத்து முற்றமெங்கும் பரப்பின. பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே பலகாரம் சாப்பிட்டார்கள். மகளை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. என்னைத்தான் பிடிக்கவில்லை.

மீனை வாங்க ஆளில்லாமல் போகவே, அந்தப் பருவம் முழுக்க நாங்கள் உத்தமர்களாக இருந்தோம். சூளைகளை எங்களால் நிறுத்த முடியவில்லை, அவை புகைந்துகொண்டேயிருந்தன. ஆனாலும் அடுத்த வருடம் பாரின் பொந்துகளில் குஞ்சுக் கலவாய்கள் துள்ளின. வெற்றிக் கூட்டம் வைத்து எனக்கு மாலை போட்டார்கள். பிரான்சிஸ்காவை அழைக்கவில்லை. பெண்கள் கூட்டத்துக்கு வரக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு; அதற்கு மட்டும் எவருக்கும் ஒரு விலக்குத் தோன்றவில்லை.

வாசகரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இது உங்களைப் பற்றியதல்ல, மற்ற வாசகர்களைப் பற்றியது. இதுவரை நீங்களும் அப்படித்தானே நினைத்து வாசித்தீர்கள்?